சனிக்கிழமை, பத்திலிருந்து மூன்று வரை

பத்து மணிக்குச் செக் குடும்பம் கிளம்பியது.
மூன்று மணிக்கு ஜெர்மன்காரர்கள் வருவார்கள்.
நடுவே ஐந்து மணி நேரம்
மஸ்விக்கின் இந்த ஐந்து சிவப்புக் குடில்களும்
யாருடையவையும் அல்ல.
வங்கியைக் கேட்டால் வேறு சொல்லும்.

படுக்கை விரிப்பு பதினெட்டு. தலையணை உறை இருபத்தி நாலு.
வாணலியில் தீய்ந்து ஒட்டிய காட் மீன் தோல்.
கட்டிலுக்கடியில் ஒற்றைக் காலுறை, எங்கோ ஒரு தூண்டில் முள்.
முள்ளைக் கையால் தேடுவதில்லை நான்.
காந்தத்தை நூலில் கட்டித் தரையோடு இழுப்பேன்.
பன்னிரண்டு கோடையில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்று.

விருந்தினர் ஏட்டில் எல்லோரும் ஒன்றையே எழுதுகிறார்கள்:
இரவே வரவில்லை, கண்ணே மூடவில்லை, நன்றி.
ஜூன் மாதச் சூரியன் இங்கே
விடைபெற்ற பிறகும் கதவருகில் நின்று
பேசிக்கொண்டே இருக்கிற ஆள் மாதிரி.
கறுப்புத் திரை வாங்கிப் போட்டேன்.
அதை விலக்கி வைத்துவிட்டுத்தான் தூக்கம் இல்லை என்கிறார்கள்.

விளம்பர வாசகம் நான் எழுதியது:
"மூன்றாம் குடில். ஆறு பேர். பெரிய ஜன்னல்.
ஏழு மலையும் கடலும் படுத்தபடியே தெரியும்."
படுத்துப் பார்த்ததில்லை.
கட்டில் எனக்கு நான்கு மூலை,
மூலைக்கு ஒரு மடிப்பு.

இன்று முதுகு பிடித்துக்கொண்டது.
விரிப்பில்லாத மெத்தையில் அப்படியே சாய்ந்தேன்.

மலை ஏழு இல்லை.
ஆறு.
ஏழாவது, எழுதிய அன்றைக்கு
நின்றுகொண்டிருந்த மேகமாக இருக்க வேண்டும்.

அப்புறம் படகு.
டீசல் போட்டு வருகிறேன் என்று போனவன் தூர்லைஃப்.
பங்க் தெற்கே. படகு வடக்கே நிற்கிறது,
பறவைப் பாறைக்கு இந்தப் பக்கம், எஞ்சின் அணைந்து.
எனக்குள் கணக்கு ஓடியது, பொய் சொல்ல மாட்டேன்:
எனக்குச் சொல்லாத கடனா, மார்வலியா.
போன வாரம் அந்த ஹாலிபட் நூலை அறுத்துக்கொண்டு போனதிலிருந்து
சாப்பாட்டு மேசையில் பேச்சும் குறைவு.

கடற்கழுகு பார்க்க என்று
வாடகையோடு சேர்த்து மாட்டிவைத்த தொலைநோக்கியை எடுத்தேன்.

பேசிக்கொண்டிருந்தான்.
ஆறு காலி இருக்கைகளிடம்.
இரண்டு கையையும் விரித்தான். இன்னும் விரித்தான்.
தலையை ஒருபக்கம் சாய்த்தான். பிடிக்கவில்லை போல.
சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து,
உதட்டைச் சொல் சொல்லாக அசைத்து,
முதலிலிருந்து.

ஜெர்மன்.
பள்ளியில் இரண்டு முறை தோற்ற அதே ஜெர்மன்.
கதை எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் படகுத்துறையில் சொல்வது:
இவ்வளவு பெரிய ஹாலிபட், ஒருவழியாகப் படகில் ஏற்றினோம்,
அது எங்களைப் பார்த்துக் கேட்டது,
"அப்போ நீங்களெல்லாம் எங்கே உட்காருவீர்கள்?"
தானாக வருகிறது அவனுக்கு என்றிருந்தேன்.
அவன் அப்பாவிடமிருந்து வந்தது, மூக்கு மாதிரி.

சிரிப்புக்கு இடம் விட்டு நின்றான்.
கடல் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு நீர்க்காகம் எழுந்து வேறு பக்கம் போனது.
அந்த இடைவெளியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.
முக்கால் கிலோமீட்டர் தள்ளி,
அடுத்தவர்க்கு வாடகைக்கு விட்ட மெத்தையில்,
சத்தமாகச் சிரித்தேன்.

பன்னிரண்டரைக்கு வந்தான்.
"டீசல்?"
"பங்கில் கூட்டம்."
இந்த ஊரில் மொத்தம் நாலு படகு.
"சரி, அந்த முனையைப் பிடி" என்றேன்.
மிச்ச விரிப்பை இருவருமாகப் போட்டோம்.

மூன்று மணிக்கு வந்தவர்களில் ஒருவர்
பெட்டியைக் கூட இறக்காமல் மலைகளை எண்ணத் தொடங்கினார்.
சாவியோடு அவசரமாக உள்ளே போய்விட்டேன்.
துறைப் பக்கமிருந்து ஐந்து சிரிப்பு கேட்டது.
எட்டிப் பார்த்தால், காது மந்தமான ஒரு பெரியவர்
கையைக் காதில் குவித்து நிற்கிறார்,
தூர்லைஃப் கைகளை
இன்னும் கொஞ்சம் அகலமாக விரிக்கிறான்.