கண்ணாடிக்குப் பதிலாக ஓர் ஆள்

மின்னசோட்டா சட்டப்படி
ஆளை இழுக்கும் படகில் அகலக் கண்ணாடி வேண்டும்.
இல்லையேல் பின்பக்கம் பார்த்து உட்கார ஓர் ஆள்.
மார்லிஸ் டோலெஃப்சனின் கண்ணாடி
பதினோரு கோடைக்கு முன் விரிசல் விட்டது.
அதனால் நான்.
நீந்தத் தெரியாது. பார்க்கத் தெரியும்.

காலை ஐந்தரை. ஏரிமேல் காற்று இன்னும் கைவைக்கவில்லை.
ஓட்டுவது அவள் தம்பி வெர்ன்; வாய் திறக்கமாட்டான்.
அறுபத்திரண்டு வயதில் அவள்
முழங்கால் மார்பில் முட்ட
கழுத்தளவு குளிரில் குந்தியிருக்கிறாள்.
பலகை நுனிகள் மட்டும் வெளியே,
இரண்டு வாத்துகள் எதையோ கேட்பதுபோல.

“ம்” என்கிறாள்.
கயிறு விறைக்கிறது.

நூறு வருஷம் முன்பு
இந்தப் பக்கத்து ஏரி ஒன்றில்
பனிச்சறுக்குக் கட்டையோடு இறங்கினானாம் ஒரு பையன்.
மூழ்கினான்.
பீப்பாய்ப் பலகையைக் கட்டிக்கொண்டு வந்தான்.
மூழ்கினான்.
அப்புறம் அம்மாவின் செப்பு அண்டாவில்
மரத்தை வேகவைத்து நுனியை வளைத்தான் என்று கேள்வி.
வேடிக்கை பார்த்தவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டே வந்திருப்பார்கள்.
அவன் கண்டுபிடித்தது பலகையை அல்ல என்பேன் நான்.
எழ முயலாமலிருப்பதை.
பின்னால் நாற்காலி இருக்கிறதென்று நம்பிச் சாய்,
மிச்சத்தைக் கயிறு பார்த்துக்கொள்ளும்.
இதைத் தெரிந்துகொள்ள
எவ்வளவு ஏரித்தண்ணீர் குடித்தானோ.

எழுந்துவிட்டாள்.

நீரடித்து நீர் விலகாதாம்.
இருபத்தெட்டு மைல் வேகத்தில் விலகுகிறது,
கிழித்த துணியின் சத்தத்தோடு.
அவள் கடந்ததும்
ஒன்றும் நடக்காத முகத்தோடு கூடிக்கொள்கிறது.
இரும்புக்கடையில் நாளெல்லாம் ஆணி நிறுக்கும் கை
கைப்பிடியை இரண்டே விரலில் வைத்திருக்கிறது.

எதற்கு இது என்று ஒருமுறை கேட்டேன்.
“பார்த்துக்கொண்டே இருப்பது நீதானே, நீயே சொல்.”

சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன்:
அவள் என்னைப் பார்ப்பதில்லை.
என் தலைக்கு மேலே, வரப்போவதைப் பார்க்கிறாள்.
எனக்கு வாய்த்தது போனது மட்டும்.
நடுவே எழுபத்தைந்தடிக் கயிறு.

“விழுந்தாள்!”

வெர்ன் திருப்புகிறான்.
ஒரு பலகை தனியே மிதக்கிறது.
ஒன்று. இரண்டு. மூன்று.
போன ஆகஸ்டில் ஒன்பதுவரை எண்ணினேன்,
இன்னும் என் விரல்கள் அதை மறக்கவில்லை.
நாலு.

கை உயர்கிறது.
நலம் என்றால் உள்ளங்கை காட்ட வேண்டும்.
இவள் காட்டுவது ஒற்றை விரல்:
இன்னொரு சுற்று.

வெர்ன் இன்றைக்கு முதல்முறையாகப் பேசுகிறான்:
“கால் டேங்க்தான் இருக்கிறது.”
நான் கயிற்றை அவள் பக்கம் எறிகிறேன்.