இருபத்தொன்று

நீல்கேத் சந்தில்
பக்கம் ஒன்றரை டக்கா என்று பேரம் பேசி
நகலெடுத்த கண் மருத்துவம்.
எண்ணூறு பக்கமும் சாம்பல்.
விழித்திரை சாம்பல், அதில் கசியும் ரத்தம் சாம்பல்.
செர்ரிச் சிவப்புப் புள்ளி என்று அடியில் எழுதியிருக்கும்,
மேலே ஒரு கரிப்பொட்டு.
நம்பினோம் மூவரும்.
செர்ரிப் பழத்தையும்தான் நாங்கள் பார்த்ததில்லை.

ஆஸிம்பூரில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அறை.
மின்விசிறி சுற்றினால் குறிப்புகள் பறக்கும்,
நிறுத்தினால் கொசு.
முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் பதினேழு நாள்.
பாதி உறக்கத்தில் தீபங்கர் சாக்மா கேட்பான்:
வலியில்லாமல், திடீரென்று, ஒரு கண் இருண்டது?
தமனி அடைப்பு.
வலித்து, சிவந்து, விளக்கைச் சுற்றி வானவில்?
கண்ணழுத்தம், கடுமையானது.
சுண்ணாம்பு தெறித்த கண், முதலில் என்ன செய்வாய்?
கழுவுவேன். பேர்கூடக் கேட்க மாட்டேன், கழுவுவேன்.
உனக்கு இந்த முறை இடம் உறுதிடா
என்பான் ரெஸ்வான்.

அந்த ரெஸ்வான்தான் இரவுப் பணி முடிந்து
புறநோயாளிப் பிரிவிலிருந்து அசலைக் கொண்டுவந்தான்.
நிறப் புள்ளிகளாலான மெல்லிய புத்தகம்,
விடிவதற்குள் திருப்பி வைத்தாக வேண்டும்.
பன்னிரண்டு. மூவருக்கும் பன்னிரண்டு.
அப்புறம் ஒரு பக்கம்.
இருபத்தொன்று என்றேன்.
விளையாடுகிறேன் என்று ரெஸ்வான் சிரித்தான்.
தீபங்கர் சிரிக்கவில்லை.
அவன் விரல் புள்ளிகளின் மேல் மெல்ல ஓடி
எழுபத்துநான்கை எழுதிக் காட்டியது.
எனக்கு அது நீர்மேல் எழுத்து.

பக்கங்கள் புரண்டன.
அவர்கள் எண் சொன்ன இடத்திலெல்லாம் எனக்கு
கொட்டிக் கிடக்கும் புள்ளிகள், அவ்வளவுதான்.
ஒரே ஒரு பக்கத்தில் மட்டும்
இருவரும் ஒன்றுமில்லை என்றார்கள்.
அங்கே எனக்கு ஓர் ஐந்து இருந்தது,
பட்டப்பகல் போல.
அதன்மேல் என் விரல் ஓடியபோது
தலை சாய்த்து, கண் சுருக்கி,
நோயாளிகளைப் போல நின்றார்கள் இருவரும்.

விடை எல்லாம் மனப்பாடம், அதுதான் வேடிக்கை.
எக்ஸ் குரோமோசோம், தாய் வழி, ஆண்களுக்கு அதிகம்.
ஐந்து வருடம் நுண்ணோக்கியில்
ஊதா எது, இளஞ்சிவப்பு எது என்று
பக்கத்து மேசைக்காரனின் முகத்தைப் பார்த்துப் படித்திருக்கிறேன்.
எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்றிருந்தேன்.

தினாஜ்பூருக்குப் போன் போட்டேன்.
லுத்ஃபர் மாமா லிச்சி பறிக்கப் போனால்
காயும் பழமுமாகக் கொண்டுவருவாராமே, ஏன்?
சோம்பேறி, பார்த்துப் பறிக்க மாட்டான்,
அதற்காக எத்தனை அடி வாங்கியிருக்கிறான் என்றாள் அம்மா.
இதெல்லாமா பரீட்சைக்கு வருகிறது?
வரும் என்றேன்.

குறிப்பேட்டில் வம்ச வரைபடம்.
என்னைச் சதுரமாகப் போட்டுக் கறுப்பால் நிரப்பினேன்.
மாமாவையும்.
அம்மா ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி:
கடத்துபவள், தனக்கு ஏதும் இல்லாதவள்.
தள்ளி வைத்துப் பார்த்தால் அது ஒரு கண்.
மூடி வைத்தேன்.

தேர்வன்று ஷாபாக் சந்திப்பில் ரிக்‌ஷா நின்றது.
எந்த விளக்கு எரிந்ததோ,
டாக்காவில் போலீஸ்காரரின் தடிதான் சிக்னல்.
அதற்கு நிறம் கிடையாது.

அறுபத்து மூன்றாம் கேள்வி. சாம்பலில் அச்சான புள்ளிகள்.
இயல்பான பார்வையுள்ளவர் இதை எப்படி வாசிப்பார்?
எழுபத்துநான்குக்கு எதிரே இருந்த வட்டத்தைக்
கறுப்பாக்கினேன். ஒரு மதிப்பெண்.
கேட்டது இயல்பான பார்வையுள்ளவரைப் பற்றி.
அடுத்த கேள்விக்குப் போகாமல் பேனா
கொஞ்ச நேரம்
இருபத்தொன்றின் பக்கத்திலேயே நின்றது.