சேரும் ஆண்டு

கேஸ் ரசீதைத் தேடினேன்.
மாவு டப்பாவுக்கு அடியில் அந்தப் படிவம்.
வால்பரைசோ மாலைப் பள்ளி, கடல் வரைபடப் பிரிவு.
பெயர்: எடெல்மிரா. பென்சிலில், அவள் கையெழுத்து.
எல்லாம் தெளிவாக இருக்க
சேரும் ஆண்டு என்ற கட்டத்தில் மட்டும்
ஓர் ஓட்டை.

எழுதி அழித்து, எழுதி அழித்து
காகிதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறது.

துறைமுகம் என்னை வீட்டுக்கு அனுப்பிய ஆண்டு
அதற்குள்தான் போயிருக்கும்.
இக்னாசியாவின் காதில் சீழ் வைத்த குளிர்காலம்,
ஒரு வாரம்தான் என்று வந்த என் தம்பி ரமிரோ
சோஃபாவில் படுத்தே கழித்த இரண்டு வருஷம்,
பள்ளிகள் திறக்கும் மாதமென்றுகூடத் தெரியாமல்
நான் குடித்தே தீர்த்த ஒரு மார்ச்.
ரப்பர் தூளை அவள் ஊதித் தள்ளிய சத்தம்
ஒரு நாளும் என் காதில் விழவில்லை.

ரொட்டி உறையைக் கிழித்துப் பின்னால் ஒட்டினேன்.
பசை காயும் முன்பே
அடுத்த ஆண்டை எழுதினேன், பேனாவால்,
அழிக்க முடியாத நீலத்தில்.
பெருமையாகத்தான் இருந்தது.

ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு
குன்றுப் படிகள் ஏறி வந்தாள்.
பார்த்தாள். சிரித்தாளா, தெரியவில்லை.
"அந்தப் பள்ளியை மூடி ஆறு வருஷமாச்சு, நிபால்டோ."

பின்னே ஏன் இன்னும்

ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.
கீழே ஒரு சரக்குக் கப்பல்
அலைத்தடுப்புச் சுவரை ரொம்ப ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தது.
"அங்கே ஆழம் போதாது" என்றாள்,
என்னிடம் அல்ல.