ஆடு

வியாழக்கிழமை கிளினிக்.
கட்டைபறிச்சானில் முதல் பஸ் பிடித்து
இறால்குழி, கிண்ணியா என்று பாலம் பாலமாகத் தாண்டி
திருகோணமலையில் இறங்கி ஓடினாலும்
நாற்பத்திரண்டாம் நம்பர்தான்.
ஆளுக்கு ஐந்து நிமிசம்.
டொக்டருக்குப் பின்னால் மின்விசிறியும்
தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும்.
அதற்கும் சம்பளமோ என்று யோசிப்பேன்.

வாங்கில் பக்கத்தில் இருக்கும் சலாகுதீன் சொல்வார்:
"சம்பளத்துக்குக் கேக்கிற கேள்விக்கு
நாம ஏன் சும்மா பதில் சொல்லணும்?"
சொல்லிவிட்டு, தன் நம்பர் வந்ததும்
சேட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போவார்.

டொக்டர் ஹிமாஷிக்குத் தமிழ் புதுச் செருப்பு.
கடிக்கக் கடிக்க நடந்தார்.
"நித்திரை சரியா? சாப்பாடு சரியா?
சத்தம் இன்னும் கேக்குதா?"
கேட்கிறது என்றால் குளிசை ஒன்றரை.
குறைவு என்றால் ஒன்று.
என் புருசனின் பெயரைக் கேட்கவில்லை.
அவன் போன கடலைக் கேட்கவில்லை.

ஒரு மாரியில் வாய் தவறி ஆட்டைச் சொன்னேன்.
சினையாயிருக்கு டொக்டர்,
ராவில் அதன் மூச்சுக் கேட்டால்
மற்றச் சத்தம் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று.
நிமிராமல் எழுதினார்.
அடுத்த மாதம், நான் கதிரையில் இருக்க முன்னமே,
"ஆடு குட்டி போட்டதா?"

அந்த ஒரு கேள்வியோடு
ஒரு மாதம் இருந்தேன்.
பஸ்ஸில் பக்கத்து மனிசிக்குச் சொல்ல வாய் உன்னியது.
சொன்னால் எந்த டொக்டர் என்பாள்.

பிறகொரு நாள், இரத்தம் எடுக்கும் அறைக்கு
பைலை என் கையிலேயே தந்துவிட்டார்கள்.
விறாந்தையில் தூணோடு நின்று திறந்தேன்.
எல்லாம் இங்கிலீசு, எறும்பு ஊர்ந்த மாதிரி.
ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு தமிழ்,
முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து,
சுழி பிழைத்து:
ஆடு.

சீ என்று போனது.
என்னைக் கண்டு வந்த கேள்வி இல்லை அது,
கடதாசியைக் கண்டு வந்தது.
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
ஆரோ எறிந்த சோத்துப் பார்சலை நக்கிக்கொண்டு நின்றது.
கையில் ஏதும் இருந்தால் கிட்ட வரும்.
வெறும் கையை மோந்து பார்த்துவிட்டுப் போகும்.
அதைப் பிடித்துத் திட்டினேன்.

இரவு, கடைக்குத் துண்டு எழுதினேன்.
சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய்.
பேனை நின்றது.
மறந்துவிடுவேனோ என்ற பயத்தில்தானே
நானும் எழுதுகிறேன்.
ஆனாலும்,
சவர்க்காரத்தில் எனக்கு அன்பா என்ன?

சித்திரை கழிய அவருக்கு மாற்றம். குருநாகலாம்.
சொல்லிக்கொண்டு போகவில்லை.
எத்தனை பேருக்கென்று சொல்வார்.

புதியவர் டொக்டர் சஜாத், சம்மாந்துறை.
மீசை வருவதா விடுவதா என்று
இன்னும் முடிவெடுக்காத முகம்.
பைலைப் புரட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்.
"இதில ஆடு எண்டு கிடக்கு.
ஆட்டம் ஏதும் வருதா? கையா, தலையா?
குளிசை தொடங்கின பிறகா?"
இரண்டு கையையும் நீட்டச் சொல்லி
விரல்களின் மேல் ஒரு தாளை வைத்து
ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தார்.

ஒன்பது வருசத்தில் அந்த அறைக்குள்
முதல்முதலாகச் சிரித்தேன்.
சிரித்ததில் தாள் ஆடியது.
பயந்துபோய் எழுத வெளிக்கிட்டார்.
"ஐயோ டொக்டர், இது மே எண்டு கத்துற ஆடு."

காது சிவக்க அவரும் சிரித்தார்.
பிறகு அந்தச் சிவப்புச் சொல்லுக்குக் கீழே
வலு கவனமாக எழுதினார்: விலங்கு.
"இப்ப எப்படி இருக்கு அது?"

மழைக்கு முன்னமே விற்றாயிற்று,
கூரைத் தகரத்துக்கு.
பொடியன் பேனையைத் திறந்தபடி இருந்தான்.
வெளியே நாற்பத்துமூன்று இருமியது.

"சுகமாயிருக்கு," என்றேன்.
"ரெண்டு குட்டி."