நான்கு பிள்ளைகளும் ஒரு சப்பாத்தும்

புறப்பாட மதிப்பெண் இரண்டு தருவார்கள் என்றுதான் போனேன்.
சனிக்கிழமை. பந்தாய் பக்கத்துப் பல்கலைக்கழகத் திடல்.
எங்களுக்கு ஊதாச் சட்டை,
முதுகில் மலாயில் ‘என்னைக் கேள்’ என்று.
எனக்கு ஐந்தாம் நிலையம், நீளம் தாண்டுதல்:
மணற்குழி, வாருகோல், அளவுநாடா,
வெள்ளைக்கொடி ஒன்று, சிவப்பு ஒன்று.

அந்தச் சிவப்பை நான் நேராகப் பார்க்கவில்லை.
போன மாதப் போட்டியில்
மூன்று தாவல், மூன்றுக்கும் சிவப்பு.
பலகையை மீறியது பெருவிரல் நகத்தளவு.
முடிவுத்தாளில் என் பெயருக்கு நேரே
எண் இல்லை, ஒரு கோடு.
அம்மாவிடம் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லி வைத்தேன்.

செந்தூல் தமிழ்ப்பள்ளி வேன் வந்து நின்றதும்
முதலில் மைலோ வண்டியைக் கண்டுபிடித்தார்கள்.
பிறகு கூடைப்பந்து வெய் ஜியேவை, அவன் உயரத்துக்காக.
பிறகு ஹக்கீமை, அவன் ஈட்டிக்காக.
எனக்கு வந்தது மிச்சம்,
மைலோ மீசையோடு ஐந்து பேர்.

“அக்கா, டிவியில வந்திருக்கீங்களா?”
“இல்ல.”
“அப்புறம் எதுக்கு உங்க கையெழுத்து?”
லோகேந்திரன், மூன்றாம் ஆண்டு. நியாயமான கேள்வி.

எவ்வளவு தாண்டுவேன் என்று கேட்டார்கள்.
ஐந்து மீட்டர் நாற்பத்தொன்று என்றேன்.
பேருந்து எண்ணைக் கேட்டதுபோல் தலையாட்டினார்கள்.
நாடாவை இழுத்துக் காட்டினேன்.
ஒருவன் கொட்டாவி விட்டான்.

ஷர்வினா என்ற சுருட்டைமுடிதான் முதலில் படுத்தாள்,
பலகைக்கு நேரே உச்சந்தலையை வைத்து,
ஓரத்துப் புல்லில்.
“டேய், என் கால்லேருந்து நீ படு.”
அவள் காலில் முகிலரசன்,
முகிலரசன் காலில் தேவானி,
கடைசியில் லோகேந்திரன்.
இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியது.
வெள்ளை பூசிய பள்ளிச் சப்பாத்து ஒன்றைக் கழற்றி
பாதத்துக்கு அப்பால் வைத்தான். சரியாகப் போயிற்று.

“அம்மாடி,” என்றாள் தேவானி
படுத்தபடியே, வானத்திடம். “இவ்ளோவா?”

என் பயிற்சியாளர்கூட இப்படிச் சொன்னதில்லை.

ஐந்தாமவள் யுகிதா. வாயே திறக்காதவள்.
யாரும் கொடுக்காமலே
இரண்டு கொடிகளையும் எடுத்துக்கொண்டு நின்றாள்.

பதினாறு காலடி பின்னே போனேன்.
பாலத்தின் மேல் எல்.ஆர்.டி. போனது.
மேற்கே வானம் கறுத்திருந்தது,
தொடை இன்னும் சூடேறவில்லை.
ஓடத் தொடங்கி ஏழாம் அடியில் எண்ணிக்கை தவறியது.
தவறட்டும் என்று விட்டேன்.
ஷர்வினா, முகிலரசன், தேவானி,
பக்கவாட்டில் வாய் பிளந்த முகங்கள்,
மணல்.

“தாண்டிட்டாங்க! என்னையும் தாண்டிட்டாங்க!”
லோகேந்திரன்தான். சப்பாத்து அவன் நெஞ்சின் மேல்.
முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கி
முக்கால் பிள்ளையாகக் கிடந்தான்.
“நீ ஏண்டா சுருங்கின?” என்றாள் ஷர்வினா.
“குளுருச்சு.”
திடல் அடுப்புபோல் கொதித்துக்கொண்டிருந்தது.

பலகையைப் போய்ப் பார்த்தேன்.
அதே பெருவிரல். அதே நகத்தளவு.
திரும்பினால், யுகிதா
வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்தே ஆட்டுகிறாள்,
கை வலிக்க வலிக்க.

“ரெண்டையும் தூக்கக் கூடாதும்மா. ஒண்ணுதான்.”
“ஏன்?”
அன்று முழுக்க அவள் பேசியது அந்த ஒரு சொல்.
முதுகில் ‘என்னைக் கேள்’ என்று சுமந்துகொண்டு
நான் நின்றேன்.
நல்லவேளை, மழை வந்தது.

வேன் கதவருகே லோகேந்திரன் சப்பாத்தை நீட்டினான்.
“மேல எழுதாதீங்க. அம்மா வெள்ளை அடிச்சிருவாங்க.
அடியில எழுதுங்க.”
எழுதினேன். உற்றுப் பார்த்தான்.
“இதான் உங்க பேரா? நல்லாத்தான் இருக்கு.”
போட்டுக்கொண்டு
சேற்றில் மிதித்து ஏறினான்.

குழியில் நான் விழுந்த இடம்
கலங்கிக் குளமாகிக்கொண்டிருந்தது.
நாடா கையில்தான் இருந்தது.
அளக்காமல் சுருட்டினேன்.