மாப்பிசையும் தொட்டி

கோரிஸில் செப்டம்பர் கடைசி என்றால்
வால்நட் காய்கள் தோல் கறுத்து விழும்.
என் பேக்கரிக்கு அது கடன் கணக்கு பார்க்கும் மாதம்.
மாவு மில் ரஸ்மிக் காதில் பென்சிலோடு வருவான்.
"போன வருஷத்து நாற்பது மூட்டை, ஹெகினே"
என்பான். வேறொன்றும் சொல்லாமல்
சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போவான்.

அடுப்புக்கு மேலே, புகை படிந்த பலகையில்
என் வேதப்புத்தகம்.
அதில் ஒரே ஒரு வரிக்கு அடிக்கோடு:
கூடைக்கும், மாப்பிசையும் தொட்டிக்கும்
ஆசி உண்டென்று சொல்லும் வரி.
எத்தனை அரசர்கள், எத்தனை படைகள் அந்தப் புத்தகத்தில்!
நடுவே என் தொழிலின் பாத்திரத்தை
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.
"உன்" என்ற சொல்லின் கீழ்
இரண்டு கோடு போட்டிருந்தேன்.

பதினோரு வருஷம் அதை ஒரு ரசீது மாதிரி வைத்திருந்தேன்.
தொட்டியின் அடியைத் தட்டி,
மிச்சம் எங்கே, ஆண்டவரே
என்று கேட்ட இரவுகள் உண்டு.
ம்கர்திச் ரோஸ்தோவில் கட்டட வேலைக்குப் போனான்.
முதலில் பணம் வந்தது, பிறகு குரல் வந்தது,
பிறகு பண்டிகைக்குப் பண்டிகை
போனில் ஒரு பூப்படம்.

அந்த வருஷம் கார்கள் வந்தன.
மலைக்கு அப்பாலிருந்து, வளைவுக்கு வளைவு,
விளக்கோடு விளக்கு ஒட்டிக்கொண்டு.
கூரைமேல் மெத்தை, தையல் மிஷின்.
ஒரு லாடாவின் பின்சீட்டு முழுக்கக் கோழிகள்.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

விடிவதற்கு முன் கதவைத் தட்டியவள் அர்பினே.
கையில் துணி கட்டிய மரத்தொட்டி.
"காலையில் பிசைந்து வைத்தேன்.
பத்து நிமிஷத்தில் கிளம்பு என்றார்கள்.
பிசைந்த மாவை எப்படி விட்டுவிட்டு வர?"
முப்பது மணி நேரம் மடியிலேயே இருந்திருக்கிறது.
பொங்கி வழிந்து, பாவாடையில் காய்ந்து,
அமுங்கி, மறுபடி பொங்கி,
துணியை அவிழ்த்ததும் கள் வாசம்.
வீட்டுச் சாவி வழியில் எங்கோ தொலைந்திருந்தது.

தண்ணீர் குடித்தபடி பலகையைப் பார்த்தாள்.
ஏதாவது படி என்றாள்.
பழகின பக்கம்தான் திறந்தது.
அத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே படித்ததை
முதல்முறை வாய்விட்டுப் படித்தேன்.
"உன்" வந்த இடத்தில்
சொல் என்னைத் தாண்டிப் போய்
அவள் மடியில் உட்கார்ந்தது.
மௌனமாய்ப் படித்தால் அது நான்.
சத்தமாய்ப் படித்தால்
கேட்கிற ஆள்.
எழுத்து அதேதான்.

அடுத்த வரி, வருகையில் ஆசி.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.
மீதி இருந்தது, போகையிலும் என்பது.
வெளியே அவர்கள் காரின் எஞ்சின் இன்னும் ஆறவில்லை.
"நிறுத்தாதே. முழுசாய்ப் படி" என்றாள்.
படித்தேன்.
ஆமென் சொல்லவில்லை அவள்.
தலையும் ஆட்டவில்லை.
கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு
உப்பு எங்கே என்றாள்.

அவள் புளித்த மாவை என் மாவில் போட்டுப் பிசைந்தோம்.
மூன்று நாள் அடுப்பு அணையவில்லை.
ரொட்டி கார் ஜன்னல்களுக்குள் போனது.
வாங்கிய கைகளின் முகம் பார்க்க நேரமில்லை.
மூட்டை தீர்ந்தபோது ரஸ்மிக் தானே இறக்கினான்.
நோட்டில் எழுதவும் செய்தான்,
அதை நான் மறைக்க மாட்டேன்.
இப்போது கடன் ஐம்பத்திரண்டு மூட்டை.

அர்பினே மாசிஸுக்குப் போய்விட்டாள்,
அங்கே அவள் தம்பிக்கு வாடகை அறை இருக்கிறதாம்.
தொட்டியை எடுத்துக்கொண்டு
மாவில் ஒரு கைப்பிடி விட்டுவிட்டுப் போனாள்.
ஒவ்வொரு ராத்திரியும் ஒரு பிடி
மறுநாளுக்கு எடுத்து வைக்கிறேன்.

உன் ரொட்டி இப்போது கொஞ்சம் புளிக்கிறது
என்கிறார்கள் வாடிக்கைக்காரர்கள்.
ஆமாம் என்கிறேன்.