ஆறாம் கட்டம்

வேலை இதுதான்:
ஒருவர் பாட்டுக்குள் கிடக்கும் இன்னொருவர் குரலுக்குச்
சொந்தக்காரரைத் தேடிக் கையெழுத்து வாங்குவது.
ரொறன்ரோ, கிங் தெரு, பதினோராம் மாடி.
படிவத்தில் ஆறாம் கட்டம்:
மூல ஆக்கியோன் பெயர்.
ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்.

பல்கலையில் பின்நவீனத்துவம் படித்தவள் நான்.
ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதி
நல்ல புள்ளி வாங்கினேன்.
இங்கே இறந்தவனுக்கும் காசோலை போகும்,
எழுபது வருடத்துக்கு.

இந்த வாரத்துக் கோப்பு கீர்த்திகனுடையது.
வயது இருபத்திரண்டு. ஸ்காபரோவில் ஒரு நிலவறை.
எண்பதுகளின் தாள இயந்திரம் போல நடிக்கும் மென்பொருள்.
இசைத்தட்டைத் தொட்டறியாதவனுக்கு
கீறல் சத்தமும் சேர்த்தே விற்கிறார்கள்.
அதன்மேல் ஒரு நாதஸ்வரம், வால் முதல் தலைவரை.
அதற்கும் மேலே, நாலு விநாடி,
கோயில் ஒலிபெருக்கி:
வெள்ளைக் கொரோலா, நானூற்றுப் பதினேழு,
தயவுசெய்து வாகனத்தை நகர்த்தவும்.

வெட்டினான். ஒட்டினான்.
நகர் நகர் நகர்த் நகர்த்தவும்.
அவ்வளவுதான் பாட்டு.

சாவோ பாலோவில் அதை விரட்டினார்கள்.
சியோலில் தேன்போல இழுத்தார்கள்.
மொன்றியலில் ஒரு மாணவி, தமிழ் தெரியாதவள்,
துரத்தப்பட்டவர்களின் ஒப்பாரி இது என்று
பதினெட்டுப் பக்கம் எழுதினாள்.
சிரித்துக்கொண்டே படித்தேன்.
பதினான்காம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை படிவத்தோடு கோயிலுக்குப் போனேன்.
முன்பு அது கம்பளக் கிடங்கு.
ஒலிவாங்கிக்காரர் பரஞ்சோதிநாதன்
வார நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்.
காதில் மாட்டி இரண்டு தரம் முழுதாய்க் கேட்டார்.

"இது நான் இல்லைப் பிள்ளை."
குரல் உங்களுடையதுதானே ஐயா.
"குரல் என்ர. ஆனா இந்த இழுவை
எனக்கு முன்னம் இதில நிண்ட மகேந்திரத்தாரின்ர.
அவர் விமான நிலையத்து அறிவிப்பைப் பார்த்துச் செய்தவர்."

விமான நிலையத்துப் பெண்ணையோ
ஒரு சொல் இங்கே, ஓர் எண் அங்கே என்று
எப்போதோ துண்டுதுண்டாய்ப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.
அவள் ஒருநாளும் ஒரு முழு வசனம் பேசியதில்லை.

வடைக்கு நின்றவர் ஒருவர் திரும்பினார்.
"இலக்கம் என்ர காரின்ர.
எனக்கு ஒண்டும் தரமாட்டியளோ?"

எதிரொலியைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.
அண்ணாந்து பார்த்தேன்.
தகரக் கூரை, கம்பளங்கள் போனபிறகு
கிடைத்ததையெல்லாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பூசை முடிகிற நேரம். வெளியே கார்கள் நெரிந்தன.
பரஞ்சோதிநாதன் ஒலிவாங்கியைத் தட்டினார்.
செருப்புக் குவியலருகே இருந்த பிள்ளைகள்
ஓடிவந்து வாயைப் பார்த்தபடி நின்றார்கள்.
அவர் என்னை ஒருதரம் கள்ளமாய்ப் பார்த்தார்.
பிறகு, நிறுத்தி, கத்தரித்து,
தன் தொண்டையாலேயே கீர்த்திகனை வாசித்தார்:
நீலச் சிவிக்... நகர்... நகர்... நகர்த்தவும்.

பிள்ளைகள் கூவினார்கள்.
கற்பூரத் தட்டோடு வந்த ஐயரின் கட்டைவிரல்
விளிம்பில் ஒருதரம் தாளம் போட்டது.
போட்டது என்று சத்தியம் செய்யமாட்டேன்.
நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்,
எந்தப் பதிப்பு இது, யாரைப் பார்த்து யார் என்று
கணக்குப் போட்டபடி.

மூன்றாம் தரம்தான் உறைத்தது:
நீலச் சிவிக் என்னுடையது.

ஓடினேன். பனிச்சேறு.
கையில் படிவம்,
ஆறாம் கட்டம் நனைந்துகொண்டிருக்க.